ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவில்

பன்றி இறைச்சி எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. கொழுப்பு நெஞ்சைக் கரிக்கும். பதுர்தீன் ஐயா, பன்றிப் பேச்சே உங்களுக்கு ஆகாது என்று தெரியும். பொலிஸ் ஸ்டேஷனுக்கே வந்து அதைப் பேசுகிறேனே என்று கோபிக்காதீர்கள். பன்றியை விட்டுவிட்டு இந்த விஷயத்தைச் சொல்ல வழியில்லை.

யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். போன வெள்ளிக்கிழமை எங்கள் எல்கடுவத் தோட்டத்தில் வேலைக்காரச் சனம் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்றுகொண்டு நீங்கள் ஒரு வார்த்தை சொன்னீர்கள். காட்டில் செத்துக்கிடந்த அழகமுத்துவின் உடம்பில் இரண்டு காயம் இருக்கிறது என்று கான்ஸ்டபிள் சொன்னதற்கு, "இதைச் சுட்ட மனிசனுக்குத் துவக்குப் புடிக்கவே தெரியாது. தெரிஞ்சா ரெண்டு வெடி என்னத்துக்கு?" என்றீர்கள். நான் உங்களுக்குப் பின்னால்தான் நின்றேன். சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டீர்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை வருஷம் இந்த மாத்தளைப் பக்கத்தில் துவக்குப் பிடித்தவனுக்கு அது எப்படி இருக்கும் என்று நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள்.

என் பெயர் மாணிக்கவாசகம். தோட்டத்தில் கண்டக்டர் உத்தியோகம், மேல் டிவிசனில் தேயிலைக் கொழுந்து மலையும் ஏலக்காடும் என் பொறுப்பு. அரசாங்கம் தோட்டங்களை எடுத்த வருஷம், ஊருக்குக் கப்பல் ஏறுவதற்கு முன்னால் பழைய வெள்ளைக்காரத் துரை தன் ரைபிளை என் பெயருக்கு எழுதிக்கொடுத்தார். செமி ஆட்டோமெட்டிக். விசையை இழுத்தால் ஒரு குண்டு போகும்; அடுத்தது தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். மேகசினில் ஐந்து தோட்டா. நடுவில் கையை எடுக்க வேண்டாம், கண்ணை எடுக்க வேண்டாம். துரையின் நாற்காலியையும் கிராமபோனையும் கேட்டவர்கள் இருந்தார்கள். நான் எதையும் கேட்கவில்லை. அவராகவே கூப்பிட்டு, இதற்கு உன்னை விட்டால் ஆளில்லை என்று சொல்லிக் கொடுத்தார். அதை நான் யாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்ததில்லை.

பன்றிகள் தனியாக வருவதில்லை. தாயும் குட்டியுமாகப் பத்தனைப் புல்வெளியில் இறங்கி, லயத்துப் பின்பக்கம் சனங்கள் போட்ட மரவள்ளியையும் வத்தாளைக் கிழங்கையும் கிண்டிப் போட்டுவிட்டுப் போகும். ஏலக்காட்டுக்குள் புகுந்தால் ஒரு வருஷத்துப் பாடு போனது போனதுதான். அந்த ரைபிள் முழுசாக இருந்தவரை நான் பார்த்துக்கொண்டேன். கூட்டம் ஓடத் தொடங்கினால், காட்டு விளிம்பைத் தொடுவதற்குள் மூன்று நான்கு விழுந்துவிடும். ஒரு குண்டு சரியாகப் படவில்லை என்றால் அடுத்தது அதே மூச்சில் போய்ச் சேரும். என் துவக்கிலிருந்து காயத்தோடு தப்பிப் போன பன்றி என்று ஒன்று கிடையாது, ஐயா. லயத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

எங்கள் தோட்டத்து வேட்டையில் ஒரு முறை இருக்கிறது. யார் காயப்படுத்தினானோ அவன்தான் முடித்துவைக்க வேண்டும். முடிக்கும்வரை அவன் தண்ணீர் குடிக்கக் கூடாது, வெற்றிலை போடக் கூடாது. காயப்பட்டது காட்டுக்குள் கிடந்து துடிக்க, சுட்டவன் வீட்டில் உட்கார்ந்து வெற்றிலை மென்றால் அவன் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். எனக்கு அந்தச் சாங்கியத்தில் எல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் முறை சரியான முறை. நான் ஒருநாளும் அதை மீறியதில்லை.

எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு எல்லாத் துவக்கையும் அரசாங்கக் கச்சேரி ஆபீசுக்குக் கொண்டுவா என்றார்கள். எங்கள் சனத்தின் லயத்தைக் கொளுத்தியவர்கள் நெருப்புப் பெட்டியோடுதான் வந்தார்கள், நெருப்புப் பெட்டிக்கு ஒரு சட்டமும் வரவில்லை. அது இருக்கட்டும். கொண்டுபோனேன். மற்றவர்களின் ஒற்றைக் குழல் துவக்குகளைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். என்னுடையதை மேசையில் வைத்துக்கொண்டு ஆளுக்கு ஆள் கைமாற்றிப் பார்த்தார்கள். செமி ஆட்டோமெட்டிக் வேட்டைக்கு இனிமேல் கிடையாது என்றார்கள்.

அங்கே ஒரு பெரிய ஐயா. கண்டிப் பக்கத்துச் சிங்கள ஆள், தமிழ் நன்றாக வரும். மரியாதையாகத்தான் பேசினார். "வேட்டை என்றால் ஒரு வெடி, கண்டக்டர். மிருகத்துக்கும் ஒரு வாய்ப்புக் கொடுக்க வேணுமே. ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவில மனுஷன் கொஞ்சம் யோசிக்கணும். இது யோசிக்க விடாத சாமான்" என்றார். அவர் வாழ்நாளில் ஒரு பன்றியைக் கூண்டுக்குள்ளேகூடப் பார்த்திருக்க மாட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு, சரிங்க ஐயா, சரிங்க ஐயா என்று நின்றேன். நம்மால் வேறு என்ன செய்ய முடியும்?

இந்த ஸ்டேஷன் முற்றத்தில்தான், ஐயா, நீங்கள் மாற்றலாகி வருவதற்கு முன்னால், பிடித்த துவக்குகளை மண்ணில் குவித்து வைத்து ரம்பத்தால் அறுத்தார்கள். நல்ல வால்நட் கட்டைகள், நீலம் ஓடிய குழல்கள். விறகு அறுக்கிறவனுக்குக்கூட மரத்தின் மேல் ஒரு மரியாதை இருக்கும். நான் வேலியோரம் நின்று பார்த்தேன். என்னுடையதும் அங்கே வந்துவிடும் என்று நினைத்ததும் கடைத்தெருவில் ஒரு படிக்கட்டில் போய் உட்கார்ந்துவிட்டேன். பெற்ற பிள்ளைக்கு ஒன்று என்றால்கூட அப்படி உட்கார்ந்திருப்பேனா தெரியாது. எனக்குப் பிள்ளைகள் இல்லை.

ஆளைப் பிடித்து, மனுப் போட்டு, ஏலக்காட்டு நஷ்டத்தைக் காட்டினேன்; கடைசியில் ஒரு வழி செய்தார்கள். மேகசின் வாயில் ஒரு தகட்டை வைத்துப் பற்றவைத்தார்கள். இனி ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் உள்ளே வைத்து, போல்ட்டை விட்டு மூடிச் சுட வேண்டும். லைசன்ஸைக் கொடுக்கும்போது பெரிய ஐயா கடைசியாக ஒன்று சொன்னார்: "தகட்டில கை வைத்தால் துவக்குப் போச்சு. மனுஷன் மேல ஒரு கீறல் விழுந்தாலும் துவக்குப் போச்சு. பிறகு என்னட்ட வந்து அழ வேண்டாம்." நான் தகட்டில் கை வைக்கவில்லை. நீங்கள் இப்போது எடுத்துப் பார்த்தாலும் பற்றவைத்தது பற்றவைத்தபடியே இருக்கும். சட்டத்தை நான் மதிக்கிறவன்.

ஆனால் சட்டம் என்ன செய்தது என்பதையும் கேளுங்கள். தகடு வைத்த அடுத்த மழைக்காலத்தில் ஒரு கிடாப்பன்றியைச் சுட்டேன், பின்னந்தொடையில் பட்டது. பழைய மாதிரி இருந்திருந்தால் அடுத்த குண்டு அதே இடத்தில் முடித்திருக்கும். நான் குனிந்து பையில் கையை விட்டுத் தோட்டாவை எடுத்து வைப்பதற்குள் அது ஓடைக்குள் இறங்கிவிட்டது. தண்ணீர் குடிக்காமல் இருட்டும்வரை தேடினேன். கிடைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அந்தப் பன்றி வலி பொறுக்காமல் கொழுந்து மலைக்குள் பாய்ந்து ராசம்மாவின் காலைக் கிழித்துவிட்டது. இன்றைக்கும் விந்தி விந்தித்தான் மலைக்குப் போகிறாள். கச்சேரிக்குப் போய் அதைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். தகடு அப்படியேதான் இருந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை, ஐயா. மறைக்க என்ன இருக்கிறது.

அழகமுத்துவை நீங்கள் உயிரோடு பார்த்ததில்லை. தேயிலைச் செடி வெட்டிவிடும் கவ்வாத்துக்காரன். மெலிந்த ஆள், வேகமான கை. எங்கள் வேட்டையில் கலைக்கிறவன் அவன்தான்: கீழே ஓடைப்பக்கம் இறங்கி, சத்தம் போட்டு, தகரம் தட்டி, பன்றிகளை மேலே என் பக்கம் கிளப்பிவிடுவான். நான் பாறையோரம் காத்திருப்பேன். கலைக்கிறவன் வாயை மூடவே கூடாது, அதுதான் அவனுக்குக் காவல். சத்தம் வரும் பக்கம் நான் சுட மாட்டேன். அவனுக்கு என் மேல் அவ்வளவு நம்பிக்கை. "கண்டாக்கையா துவக்குக்கு முன்னாடி கண்ண மூடிட்டு நடப்பேன்" என்று லயத்துக் குழாயடியில் சொல்லுவானாம். பாப்பம்மா, அவன் பெண்சாதி, அதற்கு, "கண்ணத் தொறந்துக்கிட்டே நடந்து தொலைங்களேன், யாரு வேணாங்கிறா" என்று சொல்லிச் சிரிப்பாளாம்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை காலை. பனிமூட்டம். அழகமுத்துவுக்குத் தடிமன் பிடித்துத் தொண்டை கட்டியிருந்தது. கூப்பாடு போட முடியாது, தகரத்தை மட்டும் தட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினான். இன்னொரு நாள் பார்க்கலாம் என்று நான் சொல்லியிருக்கலாம். அவனும் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். இருவரும் சொல்லவில்லை.

தகரச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு நின்றுவிட்டது. கல்லில் வழுக்கித் தகரத்தைத் தவறவிட்டு, சரிவில் தவழ்ந்து மேலே வந்தானாம். அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்கு முன்னால் மானாப்புல் அசைந்தது, கறுப்பாக ஒன்று தாழ்வாக வந்தது. கையில் ஐந்து தோட்டா இருக்கிறவன் நிதானமாக நிற்பான், முழுசாக வெளியே வரட்டும் என்று பொறுப்பான். ஒன்றுதான் இருக்கிறது என்றால், அது போய்விடுமே என்ற அவசரம்தான் மனுஷனைப் பிடித்துக்கொள்கிறது. இதைத்தான் நான் கச்சேரியில் படித்துப் படித்துச் சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுட்டேன்.

முதல் வெடி தவறுதல். அதில் பொய் இல்லை.

"கண்டாக்கையா, நாந்தாங்க. பன்னி இல்லீங்க" என்று குரல் வந்தது. கட்டின தொண்டையிலிருந்து வந்ததால் பெரிய சத்தம் இல்லை. ஓடிப்போனேன். தொடையில் பட்டு மறுபக்கம் போயிருந்தது. எலும்பில் படவில்லை. அவன் தலைப்பாகையைக் கிழித்து நானே இறுக்கிக் கட்டினேன். என் போத்தலில் இருந்த தண்ணீரைக் கொடுத்தேன். நான் குடிக்கவில்லை.

அவன் அழவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவன்தான் எனக்குத் தைரியம் சொன்னான். "பயப்படாதீங்கய்யா. தொடையிலதானே. கவ்வாத்துக் கத்தி பட்டுருச்சுன்னு சொல்லிக்கிறேன். துவக்குன்னு ஒரு வார்த்த வராது. ஒங்க லைசனுக்கு ஒண்ணும் ஆவாது" என்றான். நான் லைசன்ஸைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவனாகவே சொன்னான். நல்ல பிள்ளை, ஐயா. அவனைப் பற்றி ஒரு குறையும் நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் கவ்வாத்துக் கத்தி தொடையில் வட்டமாக ஓட்டை போடாது. டிஸ்பென்சரியில் பார்த்தவுடனே தெரிந்துவிடும், தெரிந்தால் உங்களுக்கு அறிவிப்பது அவர்கள் கடமை. அழகமுத்துவுக்குப் பொய்யும் வராது. ஒருமுறை மலையில் பீடி குடித்தாயா என்று கேட்டதற்கு, இல்லை என்று சொல்லிவிட்டு இருமியவன் அவன். பாப்பம்மாவிடம் சொல்லுவான். அவள் குழாயடியில் சொல்லுவாள். அடுத்த நாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். பிறகு இந்த முற்றம், ரம்பம், மண்ணில் அந்தத் துவக்குக் குவியல். மனுஷன் மேல ஒரு கீறல் என்று பெரிய ஐயா சொன்னது கீறலுக்குத்தானே. ஆளே இல்லாமல் போவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆள் இல்லை என்றால் சுட்டது யார் என்று யார் சொல்லப் போகிறார்கள்?

இரண்டு வெடிக்கும் நடுவில் யோசிக்க வேண்டும் என்றார்களே. யோசித்தேன். சட்டம்தான் எனக்கு அந்த நேரத்தைக் கொடுத்தது. பழைய துவக்காக இருந்தால் யோசிக்கவே வாய்ப்பு இருந்திருக்காது, அவனைத் தோளில் போட்டுக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடியிருப்பேன் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

பிறகு நடந்ததில் உங்களுக்குப் பாதி தெரியும். கீழ்க் கிராமத்துக்காரர்கள் பன்றிக்குக் கட்டுத்துவக்கு வைப்பார்கள், பாதையின் குறுக்கே கம்பி கட்டி, கால் தட்டினால் வெடிக்கிற மாதிரி. அதில் எத்தனையோ பேர் காலை இழந்திருக்கிறார்கள். காட்டில் கிடந்த பழைய கம்பி ஒன்றை எடுத்து அந்த இடத்தில் கட்டினேன். அழகமுத்து தனியாகத்தான் காட்டுக்குப் போனான் என்று சொன்னேன். கம்பி வைத்தவர்தான் கையாலும் சுட்டிருக்கிறார் என்று நீங்கள் கிராமத்தில் ஒரு ஆளைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவர் அழகமுத்துவை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அவர் கட்டுத்துவக்கு வைக்கிறவர்தான், அது உண்மை, அது சட்டவிரோதம். அவரை விடுவதாக இருந்தால் அதற்காவது நாலு வார்த்தை கண்டித்துவிட்டு விடுங்கள்.

வீட்டுக்கு வந்துதான் தண்ணீர் குடித்தேன். வெற்றிலையும் போட்டேன். முறைப்படி அதில் தப்பு இல்லை.

அடுத்த கிழமை தனியாகப் போய் ஒரு பெண் பன்றியைச் சுட்டேன், ஒரே வெடி, கழுத்தில். கலைக்கிறவன் வீட்டுக்கு ஒரு தொடை போக வேண்டும் என்பது வழக்கம். கலைக்கிறவன் இல்லை என்பதற்காகப் பங்கை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. தலைச்சுமைக்காரரிடம் பாப்பம்மாவுக்குக் கொடுத்தனுப்பினேன். அவள் கருமாதி முடியாத வீடு என்று திருப்பி அனுப்பிவிட்டாள். ஆனாலும் மறுநாள் மலையில் என்னைப் பார்த்துக் கும்பிட்டு, "ஐயா ஒருத்தர்தாங்க எங்கள நெனச்சுப் பாத்தீங்க" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் கல்நெஞ்சுக்காரன் இல்லை.

இதோடு விட்டிருப்பேன். வெள்ளிக்கிழமை நீங்கள் அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் இன்றைக்கு இங்கே வந்திருக்க மாட்டேன். துவக்குப் பிடிக்கத் தெரியாதவனாம். இந்தப் பேச்சு நாளைக்குத் தோட்டம் முழுக்கப் போகும், யாரோ ஒரு கைநடுங்கி இரண்டு தடவை சுட்டு ஆளைக் கொன்றான் என்று. அதனால்தான் அந்த இரண்டாவது வெடியை உள்ளது உள்ளபடி சொல்லிவிடுகிறேன்.

"கட்டு சரியா இருக்கான்னு பாக்கணும், கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்க" என்றேன். ஒருக்களித்துத் திரும்பினான். நான் எழுந்து இரண்டு அடி பின்னால் போனேன். பையிலிருந்து தோட்டாவை எடுத்து வைத்துப் போல்ட்டை விட்டேன். அது மூடுகிற சத்தம் அவனுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். திரும்பவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டான்:

"பன்னி வருதுங்களா?"

"ஆமா. அசையாத" என்றேன்.

அசையவில்லை, ஐயா. கால் அந்த வலி வலிக்கும்போதும், என் குறி தப்பிவிடக் கூடாதே என்று கல் மாதிரி இருந்தான். காதுக்குப் பின்னால் வைத்துச் சுட்டேன். ஒரு துடிப்புக்கூட இல்லை. கொன்றது நான்தான், மாணிக்கவாசகம்தான் என்று எழுதுங்கள். கை நடுங்கவில்லை என்பதையும் எழுதுங்கள். நான் இங்கே வருவதற்கு முன்னால் பாப்பம்மாவிடமும் போய்ச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். வாசலில் விழுந்து புரண்டு, நம்பினவனுக்குத் துரோகம் செய்துவிட்டாயே என்று என்னை ஒருமையில் ஏசினாள். எனக்கு அதுதான் விளங்கவில்லை. கடைசி மூச்சுவரைக்கும் அவன் என்னை நம்பிக்கொண்டுதானே இருந்தான், அதில் துரோகம் எங்கே வந்தது?